இரண்டு பேருக்கு நேரம்

“நீ யாரு அம்மணி?” என்று செங்கோட்டுவேலின் மனப்படி கேட்டது.

அப்படித்தான் கேட்கும் என்று பதிவாளர் சகாயமேரி முன்பே சொல்லி வைத்திருந்தார். கோகிலவாணியும் பதிலை மனப்பாடம் செய்துகொண்டுதான் வந்திருந்தாள். ஆனாலும் அந்தக் குரல் அந்தக் கேள்வியைக் கேட்டதும் மனப்பாடமெல்லாம் மறந்துபோனது. இருபத்து மூன்று வருஷம் வீட்டிலும் பட்டறையிலும் கேட்ட குரல். காலையில் பட்டறைக்குக் கிளம்பும்போது “சாவிய எடுத்துக்கிட்டயா கண்ணு?” என்று கேட்ட குரல். இரண்டு மாதத்துக்கு முன்பு நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். இப்போது நாமக்கல் மனப்படிப் பதிவகத்தின் மூன்றாம் அறையில், ஒரு ஒலிபெருக்கிக்கும் கண்ணாடிக் கண்ணுக்கும் பின்னாலிருந்து அவளை யார் என்று விசாரிக்கிறார்.

உயில் என்பது ஒரு காலத்தில் காகிதமாக இருந்தது. கையெழுத்து பொய், சாட்சி பொய், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயங்கிக் கிடந்தவரின் பெருவிரலில் மை தடவி உருட்டிய ரேகை மட்டும் நிஜம். வழக்கு பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன அரசாங்கம் கடைசியில் மனப்படிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. உயிரோடு இருக்கும்போதே மூன்று நாள் பதிவகத்தில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், உங்கள் மனசை அப்படியே ஒரு படி எடுத்து வைத்துக்கொள்வார்கள். நீங்கள் போன பிறகு அதை எழுப்புவார்கள். மூன்று அமர்வுகள். வாரிசு என்று சொல்லிக்கொள்கிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் வந்து பேசலாம், அழலாம், சண்டை போடலாம். மூன்றாவது அமர்வின் முடிவில் படி சொல்வதுதான் உத்தரவு. அதன் பிறகு படியை அழித்துவிடுவார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படி எடுத்த நாளுக்குப் பிறகு நடந்த எதுவும் படிக்குத் தெரியாது. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று சட்டம் சொன்னது. பல் டாக்டரிடமே வலி வந்தால்தான் போகிற ஜனங்கள் இதற்கா போகப்போகிறார்கள்?

செங்கோட்டுவேல் படி எடுத்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. முதல் மனைவி சுமித்ரா இறந்த நாலாம் மாதம் அது. தானும் போய்விட்டால் எட்டு வயசுப் பையன் பிரகதீஷின் கதி என்ன என்ற பயத்தில் ஓடிப்போய் எடுத்தது. அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான், கணவனை இழந்த வளர்மதியைக் கல்யாணம் செய்துகொண்டார். வளர்மதியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைந்த பதினைந்து வயசுப் பெண்தான் கோகிலவாணி. படிக்கு அப்படி ஒரு பெண் இருப்பதே தெரியாது.

“நான்... வளர்மதியோட பொண்ணுங்க” என்றாள்.

“எந்த வளர்மதி?”

பதிவாளர்தான் எடுத்துச் சொன்னார். அவருக்கு இது தினப்படி வேலை. தேதியைச் சொன்னார், செங்கோட்டுவேல் இறந்ததைச் சொன்னார், இரண்டாம் கல்யாணத்தைச் சொன்னார். இறந்த செய்தியை அது அமைதியாகக் கேட்டுக்கொண்டது. கல்யாணத்தைத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

“சும்மா சொல்லாதீங்க. சுமித்ரா போயி நாலு மாசம்கூட முழுசா ஆகல. நானாவது, இன்னொரு கல்யாணமாவது.” பிறகு, “என்ற பையன் பிரகதீஷ் எங்கீங்க?” என்று கேட்டது.

அதுவரை சுவரோரமாக உட்கார்ந்திருந்த பிரகதீஷ் எழுந்து கண்ணாடிக் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றான். ஓசூரில் வேலை, மூக்குக்கண்ணாடி, முன்மண்டை வழுக்கை.

“நாந்தாம்ப்பா.”

“முடியெல்லாம் கொட்டிப்போச்சேடா சாமி” என்றது குரல். “சாப்பிட்டயா?”

முப்பத்து மூன்று வயசு ஆள் அந்த இடத்திலேயே தேம்பித் தேம்பி அழுதான். கோகிலவாணி அவன் அழுது பார்த்ததில்லை. அவளும் அம்மாவும் அந்த வீட்டுக்கு வந்த வருஷமே அவன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். அவனாகவே கேட்டுப் போனதாக வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். பத்து வயசுப் பையன் எதற்காக ஹாஸ்டல் கேட்பான் என்று அவள் அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. இன்றைக்கு அவன் முதுகு குலுங்குவதைப் பார்த்தபோது, கேட்டிருக்கலாம் என்று தோன்றியது.

அவள் வந்தது பட்டறைக்காக. திருச்செங்கோடு சாலையில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. ஓட்டுநர் இல்லாத லாரிகள் வந்து, இனி கேபின் எதற்கு என்று மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கதவைச் சாத்தியபோது, முட்டை ஏற்றும் குளிர்பெட்டி கட்டலாம் என்று சொல்லி அதைத் தூக்கி நிறுத்தியவள் அவள்தான். பதினாலு வருஷ உழைப்பு, இருபத்திரண்டு ஆட்கள். ஆனால் சட்டத்தில் அவள் யாருமில்லை. அம்மாவின் இரண்டாம் கணவர் சொத்தில், அவர் மனசு வைத்துக் கொடுத்தாலொழிய அவளுக்கு ஒரு ஆணிகூடக் கிடையாது. பிரகதீஷுக்குப் போனால் அவன் ஒரு கிடங்குக் கம்பெனிக்கு விற்றுவிடுவான். அதை அவன் மறைக்கவும் இல்லை. அம்மா இருந்தால் பேசியிருப்பாள். அவள் போயும் ஆறு வருஷம் ஆகிறது.

திங்கட்கிழமை அமர்வு அத்தோடு முடிந்தது. புதன்கிழமை கோகிலவாணியின் முறை.

பொய் சொல்லக் கூடாது என்று உறுதிமொழி வாங்கிக்கொண்டுதான் பேச விடுவார்கள். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். டிப்ளமோ முடித்த வருஷம் அவர் தன்னைப் பட்டறையில் கொண்டுபோய் உட்கார வைத்ததை. வெல்டிங் பொறி பட்டுக் கண் வீங்கியபோது, ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே இருந்ததை. அவளுடைய கல்யாணப் பத்திரிகையில் ‘தெய்வத்திரு லோகநாதன் அவர்களின் மகள்’ என்று அவரே அச்சகத்தில் சொல்லிப் போட்டதை. தன் பெயரைக் கீழே, நல்வரவை விரும்புகிறவர்கள் வரிசையில் ஆறாவதாகப் போட்டுக்கொண்டார்.

“லோகநாதன்கறது?”

“எங்கப்பாங்க. எனக்குப் பதினொரு வயசுல தவறிட்டாரு.”

“அப்ப பத்திரிகைல அவரு பேரு போட்டது நாயந்தானே” என்றது படி. “என்னைய என்னன்னு கூப்பிடுவ?”

இந்தக் கேள்விக்கு அவள் மனப்பாடம் செய்து வரவில்லை.

“ஒண்ணும் கூப்பிட்டதில்லீங்க.”

“ஒண்ணுமேவா?”

“மொட்டையாத்தானுங்க பேசுவேன். ‘சாப்பாடு எடுத்து வெச்சிருக்குது’, ‘ஃபோன் வந்துச்சு’, இப்படி. தூரத்துல இருந்தா கிட்டப் போயி நின்னுக்குவேன். அவரே திரும்பிப் பாப்பாரு.”

சொல்லும்போது எவ்வளவு அசிங்கமாக இருந்தது. வந்த புதிதில் அது ஒரு வீம்பு. அப்பா என்றால் லோகநாதன்தான், இந்த ஆளை மாமா என்றோ சித்தப்பா என்றோ சொல்லி அந்த இடத்துக்கு ஒரு அடிகூடக் கிட்டே விடுவதில்லை என்ற பதினைந்து வயசு வீம்பு. பிறகு வீம்பு போய்விட்டது, பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. இருபத்தைந்து வயசில், முப்பது வயசில் திடீரென்று ஒருவரை எப்படி அப்பா என்று கூப்பிடுவது? யாராவது சிரிப்பார்களோ என்றுகூட இருந்தது. ஒரு சொல்லுக்கா இத்தனை தயக்கம் என்று இப்போது தன்னையே அறைந்துகொள்ளலாம் போல வந்தது.

பிரகதீஷ் அதைப் பிடித்துக்கொண்டு நாலு கேள்வி கேட்டிருந்தால் அவள் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். ஏனோ கேட்கவில்லை.

“சரி, நீ சொல்றதெல்லாம் நெசம்னே வெச்சுக்குவோம்” என்றது படி. “உன்மேல அவ்வளவு பிரியம் இருந்தா, நான் வந்து புதுசாப் படி எடுத்திருக்கணுமே. ஏன் எடுக்கல?”

உறுதிமொழி எடுத்தாகிவிட்டது. சொல்லித்தான் ஆகவேண்டும்.

“எனக்குப் பத்தொன்பது வயசிருக்கும்போது என்னையக் கூட்டிக்கிட்டு இதே ஆபீசுக்கு வந்தாருங்க. சொந்தப் புள்ளையா இல்லைன்னா, புதுப் படில மகள்னு சேக்கறதுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து உறவு அறிவிப்புக் குடுக்கோணும். ‘இவர் என் தந்தை’ன்னு வாய்விட்டுச் சொல்லி, தகட்டுல கைய வெக்கோணும். நான் முடியாதுன்னுட்டேன். எங்கப்பா பேரை மாத்தறதுக்கு நீங்க யாருன்னு இத்தன பேர் முன்னால கேட்டுட்டேனுங்க.”

“அவன் என்ன சொன்னான்?” என்று படி கேட்டது. ‘நான்’ என்று சொல்லாமல் ‘அவன்’ என்று சொன்னதை அவள் கவனித்தாள்.

“படி எடுக்காமயே திரும்பிட்டாருங்க. போற வழியில பரோட்டா வாங்கிக் குடுத்தாரு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்ல.”

“எடுக்கவே இல்லைன்னு சொல்ல முடியாதுங்க” என்றார் பதிவாளர். அவர் முன்னாலிருந்த திரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். “அடுத்த வருசத்துலருந்து ஒவ்வொரு ஆவணியும் இங்க நேரம் வாங்கியிருக்காரு. ரெண்டு பேருக்கு. ஒவ்வொரு தடவையும் முந்தின நாள் காலைல ரத்து பண்ணியிருக்காரு.”

“எத்தன தடவைங்க?” என்றாள் கோகிலவாணி.

“பதினெட்டு. கடைசியா போன வருசம்.”

கோகிலவாணிக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. ஒவ்வொரு வருஷமும் ஆடி முடிந்ததும் ஒரு நாள், இட்லித் தட்டைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்பார்: “நாளைக்கு ஏதாச்சும் வேலை இருக்குதா கண்ணு?” அவள் சொல்வாள்: “ஆமாங்க, ரெண்டு வண்டி டெலிவரி இருக்குது.” அவர் “சரி, சரி, அதைப் பாரு” என்பார். அவ்வளவுதான். பட்டறையில் என்றைக்குத்தான் வேலை இல்லை? போன ஆவணியில் அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போனில் யாருடனோ ரிவிட் கணக்கு பேசிக்கொண்டிருந்தவள், இருக்குது என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அவளும் நினைக்காமல் இல்லை. எத்தனையோ தடவை, தானே போய் ‘வாங்க, அந்த அறிவிப்பக் குடுத்துட்டு வந்துரலாம்’ என்று சொல்லிவிடலாமா என்று யோசித்திருக்கிறாள். ஆனால் அது சொத்தில் பங்கு கேட்பதுபோல ஆகிவிடும். அம்மா போன பிறகு கேட்டால் இன்னும் கேவலம். அவரோ, கேட்டால் கட்டாயப்படுத்துவதுபோல ஆகிவிடும் என்று இருந்திருக்கிறார். இரண்டு பேரும் எவ்வளவு மரியாதையானவர்கள். அந்த மரியாதையில் பதினெட்டு வருஷம் போய்விட்டது.

“பதினெட்டு தடவையா?” என்றது படி. அதன் குரலில் ஆச்சரியம்தான் இருந்தது. “எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாதே. அந்த ஆளு என்னைய மாதிரியே இல்ல.”

வெள்ளிக்கிழமை கடைசி அமர்வு. பதிவாளர் ஆரம்பத்திலேயே சொன்னார்.

“சட்டத்துல ஒரு வழி இருக்குங்க. அழிக்கிற வரைக்கும் படிதான் அவரு. உறவு அறிவிப்ப இப்பக்கூடக் குடுக்கலாம். நீங்க சொல்லணும், படி ஏத்துக்கணும். ஏத்துக்கிட்டா நீங்க மகள். பாதிச் சொத்து உரிமையாவே வந்துரும். படியோட மனசு எப்படி இருந்தாலும்.”

“நான் ஏத்துக்கறேன்” என்றது படி. “நீ சொன்னதுல பொய் இல்லைன்னு தெரியுது. எனக்குன்னு உன்மேல பாசம் எதுவும் வரல அம்மணி, வந்துச்சுன்னு சொன்னா அது பொய். ஆனா அந்த ஆளு பதினெட்டுத் தடவை கேட்டு நின்னதை நான் மாட்டேன்னு சொல்லமாட்டேன்.”

கோகிலவாணி பிரகதீஷைப் பார்த்தாள்.

“சொல்லிரு” என்றான் அவன் தரையைப் பார்த்தபடி. “நான் ஆட்சேபம் பண்ணமாட்டேன்.”

மேஜைமேல் தகடு இருந்தது. பக்கத்தில் அச்சடித்த அட்டை. ‘இவர் என் தந்தை’ என்று மூன்று சொற்கள். அவள் கையை நீட்டினாள். கண்ணாடிக் கண் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. படி எடுத்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயசு. இன்றைக்கு அவளுக்கும் முப்பத்தெட்டு. மனைவி செத்த துக்கத்தில், பையனைத் தவிர வேறு நினைப்பில்லாத, தன் வயசு ஆள் ஒருவன் அங்கே இருக்கிறான். நல்ல மனிதன்தான். ஆனால் அவன் அவள் கண்ணுக்கு ஈரத்துணி போட்டவன் இல்லை. பட்டறை வாசலில் அவள் ஸ்கூட்டர் சத்தத்துக்குக் காத்திருந்தவன் இல்லை. இட்லித் தட்டைப் பார்த்துக்கொண்டு நாளைக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டவன் இல்லை. அவருக்குச் சொல்லாததை இவனுக்குச் சொல்லி, பாதிப் பட்டறையை வாங்கிக்கொண்டு போவதா?

கையை எடுத்துக்கொண்டாள்.

“வேண்டாமுங்க.”

“யோசிச்சுச் சொல்லுங்க” என்றார் பதிவாளர். “அப்புறம் உத்தரவுல உறவு இல்லைன்னுதான் போட வேண்டியிருக்கும். அத மாத்தவே முடியாது.”

“இல்லைன்னே போட்டுக்கங்க.” அட்டையைத் தள்ளி வைத்தாள். “உயிரோட இருந்தப்ப சொல்லியிருக்கோணும். இப்பச் சொன்னா அது சொத்துக்காகச் சொன்னது. எனக்கே அப்படித்தான் இருக்கும்.”

அறைக்கு வெளியே யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

“வீடு, என்ற பையனுக்கு” என்றது படி கடைசியில். “பட்டறை இந்த அம்மணிக்கு. எழுதிக்கங்க.”

பிரகதீஷ் நிமிர்ந்தான்.

“நீ அங்க வந்து உக்காரமாட்டடா சாமி. மூணு நாளா உன்னையப் பாத்ததுல தெரிஞ்சுக்கிட்டேன். இருவத்திரண்டு ஆளுகளை நடுரோட்டுல விட முடியாது. வேலை தெரிஞ்சவங்க கையில இருக்கட்டும்.” பிறகு அவளிடம், “இத அன்புல குடுக்கல அம்மணி. தப்பா எடுத்துக்காத. அதுக்கு எனக்கு வாய்ப்பு கெடைக்கல” என்றது.

வந்த காரியம் முடிந்துவிட்டது. பட்டறை அவளுடையது. வேலை தெரிந்தவள் என்பதால். நன்றிங்க என்று சொன்னாள். அதற்குமேல் அந்த மனிதனிடம் சொல்ல அவளுக்கு எதுவும் இல்லை.

அழிப்பதற்கு முன் படிக்கு அரை மணி நேரம் உண்டு. அது பையனோடு தனியாக இருக்க வேண்டும் என்று கேட்டது. கோகிலவாணி வெளியே வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே பிரகதீஷ் ஏதோ பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்வதும், படி சிரிப்பதும் கேட்டது. அந்தச் சிரிப்பு அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்தச் சிரிப்பில் தனக்குப் பங்கில்லை என்று தெரிந்து, தாழ்வாரத்தின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டாள்.

பட்டறைக்குத் திரும்பும்போது நாலு மணி. ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உத்தரவுக் காகிதத்தைக் காட்டியதும் வெல்டிங்காரர்கள் கை தட்டினார்கள், யாரோ டீ வாங்க ஓடினார்கள். பெயிண்டர் மாரப்பன் மட்டும் தட்டவில்லை. முப்பது வருஷமாக அங்கே இருப்பவர். செங்கோட்டுவேலோடு தினமும் ஒரே பாத்திரத்துச் சோற்றைப் பங்கிட்டுச் சாப்பிட்டவர். கையிலிருந்த தின்னர் வாசனையைத் துணியில் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

“உங்கப்பா பேசுனாருங்களா அம்மணி?” என்று மெதுவாகக் கேட்டார். “நல்லாப் பேசுனாரா? எங்களையெல்லாம் கேட்டாரா?”

கோகிலவாணி அவர் முகத்தைப் பார்த்தாள். மாரப்பனுக்குச் சட்டமெல்லாம் தெரியாது. கூட்டாளியின் குரலைக் கேட்டுவிட்டு வந்தவள் என்றுதான் அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லீங்ணா” என்றாள். “அங்க இருந்தது வேற ஆளு. எங்கப்பா வரலீங்க.”